டைம் மெஷின் காமெடிதானே என்கிறான்: 14, 16, 17 வயதுப் பையன்களுக்கு இந்தப் படம் ஆகுமா?

மஞ்சக்குப்பத்தார் (கடலூர்)

நண்பர்களே, வீட்டில் ஒரு பஞ்சாயத்து. பெரியவனுக்கு 17 வயது, பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறான். சின்னவனுக்கு 14. புதுச்சேரியிலிருந்து என் அக்கா மகன் லீவுக்கு வந்திருக்கிறான், அவனுக்கு 16. மூன்று பேரும் சேர்ந்து ‘ஹாட் டப் டைம் மெஷின்’ பார்க்கலாமா என்று பெரியவன் கேட்டான். 2010ல் வந்த அமெரிக்கப் படம். நான்கு பேர் பனிமலை விடுதி ஒன்றில் வெந்நீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து குடித்துக் கும்மாளம் போடுகிறார்கள். விடிந்து பார்த்தால் 1986ல் இருக்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதற்கு ஆர் ரேட்டிங். ஆபாசமான நகைச்சுவை, பாலியல் விஷயங்கள், நிர்வாணம், போதைப்பொருள், படம் நெடுகக் கெட்ட வார்த்தை என்று காரணத்தையும் அவர்களே போட்டிருக்கிறார்கள். ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பையனிடம் படித்துக் காட்டினேன். “டிவியில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கிற டபுள் மீனிங் காமெடியில் இல்லாததா அப்பா?” என்றான். பதில் சொல்லத் தெரியாமல் “அம்மாவைக் கேள்” என்றேன். அவள் “உங்களைத்தானே கேட்டான்” என்று சொல்லிவிட்டாள்.

கேட்காமலேயே பார்த்திருக்கலாம். மூன்று பேர் கையிலும் போன் இருக்கிறது, ராத்திரி படுக்கை மொட்டைமாடியில். கேட்டு நிற்கிறவனிடம் எடுத்த எடுப்பில் கூடாது என்று சொன்னால் அடுத்த முறை கேட்க மாட்டான். அதுதான் எனக்குப் படத்தைவிடப் பெரிய யோசனை.

பார்த்தவர்கள் சொல்லுங்கள். பார்க்காதவர்களும் எப்படியும் சொல்லத்தான் போகிறீர்கள்.


லாஸ்பேட்டை லோகு

ஆர் என்று போட்டிருக்கிறது, நிர்வாணம் என்று போட்டிருக்கிறது, போதை என்று போட்டிருக்கிறது. இதற்கு ஒரு இழை வேறா சார்? கூடாது. முடிந்தது.


டாக்கீஸ் மாமா (கடலூர் முதுநகர்)

லோகு தம்பி, அவ்வளவு சீக்கிரம் முடித்துவிடாதே. ரேட்டிங் என்றால் என்ன என்பதை டிக்கெட் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தவன் நான்.

நம் நாட்டில் 1983 வரை இரண்டே சான்றிதழ். எல்லோருக்கும் யு, 18 வயதானவர்களுக்கு ஏ. அந்த வருடம்தான் நடுவில் யு/ஏ வந்தது. 12 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் பொருள். பிறகு நாற்பது வருடம் அதையே வைத்து ஓட்டினார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கும் பதினாறு வயதுப் பையனுக்கும் ஒரே எழுத்து. 2023ல் சட்டத்தைத் திருத்தித்தான் யு/ஏ 7, யு/ஏ 13, யு/ஏ 16 என்று பிரித்தார்கள். ஓடிடிக்கு அதே வயதுக் கணக்கு 2021 விதிகளிலேயே வந்துவிட்டது.

இதில் பலருக்குப் புரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஏ என்றால் 18 நிரம்பாதவனைத் தியேட்டர்காரன் உள்ளே விடக் கூடாது, அது சட்டம். யு/ஏ 16 என்றால் பதினைந்து வயதுப் பையனை யாரும் வாசலில் தடுக்க மாட்டார்கள். அது அப்பா அம்மாவுக்குச் சொல்லும் தகவல், அவ்வளவுதான். அமெரிக்க ஆர் இன்னொரு மாதிரி. அங்கே 17க்குக் கீழே உள்ளவன் அப்பாவோ அம்மாவோ பொறுப்பான பெரியவரோ கூட வந்தால் உட்கார்ந்து பார்க்கலாம். இதே படத்துக்கு இங்கிலாந்தில் 15. அங்கே பதினான்கு வயதுப் பையனை அப்பாவே கையைப் பிடித்துக் கூட்டி வந்தாலும் டிக்கெட் கிடையாது, பதினைந்து முடிந்தவன் தனியாகவே போகலாம். ஆக மஞ்சக்குப்பத்தார் வீட்டுச் சின்னவன் அமெரிக்காவில் அப்பாவோடு பார்க்கலாம், இங்கிலாந்தில் யாரோடும் பார்க்க முடியாது. படம் ஒன்றுதான்.

கவுண்டர் கதைக்கு வருகிறேன். ஏ படம் ஓடும் வாரத்தில் மீசை முளைக்காத பையன் அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு வருவான். குரலைக் கனமாக்கி “ரெண்டு பால்கனி” என்பான். சட்டைப் பைக்குள்ளிருந்து பள்ளிக்கூடத்து பஸ் பாஸ் எட்டிப் பார்க்கும். “தம்பி, பாஸ் கீழே விழுந்துடப் போகுது” என்பேன். அப்படியே திரும்பி நடப்பான். அவனோடு சண்டையே வந்ததில்லை. சண்டை போட்டதெல்லாம் கைக்குழந்தையோடு வரும் குடும்பங்கள்தான். “எங்க பிள்ளையை எங்களுக்குப் பார்த்துக்கத் தெரியாதா?” என்று மேனேஜர் வரைக்கும் போவார்கள். உள்ளே விடாவிட்டால் சோடா பாட்டில் பறந்ததும் உண்டு.


முத்தியால்பேட்டை டு பாரிஸ்

மாமா சொன்னதோடு எங்கள் ஊர்க் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரான்சில் தியேட்டருக்கு எல்லோருக்கும், 12, 16, 18 என்று நான்கு படி. அமெரிக்காவில் ஆர் வாங்கிய படம் இங்கே எல்லோருக்கும் என்று ஓடுவது சர்வ சாதாரணம். உடம்பு தெரிவதை இவர்கள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. வன்முறைக்குத்தான் கொஞ்சம் யோசிப்பார்கள்.

என் பிள்ளைகள் ஜூலை மாதம் பாட்டி வீட்டுக்கு வந்தால் இதுதான் தகராறு. இங்கே மகள் சலனமில்லாமல் பார்க்கும் காட்சி வந்தவுடன் முத்தியால்பேட்டை வீட்டில் நாலு பேர் இருமுவார்கள், என் அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவார், என் தாய்மாமா ரிமோட்டைத் தேடுவார். மகளுக்குப் படத்தில் ஒன்றும் விசேஷமாகத் தெரியாது, இந்த இருமலைப் பார்த்துத்தான் “என்னப்பா ஆச்சு?” என்று கேட்பாள். அதே அம்மா டிவி சீரியலில் மாமியார் மருமகளுக்கு விஷம் வைக்கும்போது கண் இமைக்காமல் பார்ப்பார்.

பதினேழு வயதுக்கு என்ன சார், பார்க்கட்டும்.


நிர்வாகி

படத்தின் இணைப்பு கேட்டும் கொடுத்தும் வந்த பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இங்கே கேள்வி பார்க்கலாமா என்பது, எங்கே கிடைக்கும் என்பதல்ல.


புலியூர் டீச்சர் (திருப்பாதிரிப்புலியூர்)

நான் படத்தைப் பார்த்திருக்கிறேன். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளோடு பகல் முழுக்க இருப்பவள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் நிர்வாணம், கெட்ட வார்த்தை என்றே பேசுகிறீர்கள். அந்தக் காட்சிகள் சில நொடிகள்தான். கெட்ட வார்த்தையோ, எங்கள் பள்ளி வாசல் பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்றால் இந்தப் படம் பிச்சை வாங்க வேண்டும். ரேட்டிங் போடுகிறவர்கள் எண்ணுவது எண்ணக்கூடிய சமாசாரங்களை. எத்தனை வார்த்தை, எவ்வளவு உடம்பு, என்ன போதை. எதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்பதை யாரும் எண்ணுவதில்லை.

படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே லூ என்கிற பாத்திரம் உயிர் பிழைத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நடந்தது தற்கொலை முயற்சிதான் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள், அவன் இல்லவே இல்லை என்று சாதிக்கிறான். படம் முழுக்க இது கிண்டலும் இரக்கமுமாகத் திரும்பத் திரும்ப வருகிறது. நாற்பது வயதுக்காரன் இதைப் பார்த்தால், வாழ்க்கையில் தோற்றுப்போன ஒருவனின் கசப்பு என்று எடுத்துக்கொள்வான். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பதினேழு வயதுப் பிள்ளை அதே காட்சியை எப்படி எடுத்துக்கொள்ளும்? மே மாதம் எங்களுக்கெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கிற மாதம். மதிப்பெண் வந்த அன்று சாயங்காலம் எந்தெந்த வீட்டுக்குப் போன் பண்ண வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறோம். மனம் உடைந்தால் கூப்பிட 104, 14416 என்ற இரண்டு உதவி எண்ணையும் பிள்ளைகள் நோட்டில் எழுதச் சொல்கிறோம். உங்கள் பையனுக்கு அப்படி ஏதும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று பந்தயக் காட்சி. தோற்ற இரண்டு நண்பர்களை எல்லோர் முன்னாலும் பாலியல் ரீதியாக அவமானப்படுத்தி, அதையே உச்சக்கட்ட காமெடியாக வைத்திருக்கிறார்கள். ஒருவனுக்கு விருப்பம் இல்லை என்பதுதான் அங்கே ஜோக். ஹாஸ்டலில் இந்த மாதிரி ‘ஜோக்’ எங்கே போய் முடிகிறது என்று எனக்குத் தெரியும். ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை செய்தால் விளையாட்டு என்று பையன்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், போக்சோ சட்டம் அப்படி நினைக்கவில்லை. பதினான்கு வயதுப் பையன் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தால் அவன்மேல் குற்றமில்லை, படம் அப்படித்தான் சிரிக்கச் சொல்கிறது. அதனால்தான் அவனுக்கு வேண்டாம் என்கிறேன்.


லாஸ்பேட்டை லோகு

டீச்சரம்மா, நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன், ஆனால் ஒரே வரியில்.

சரி, ஒரு சந்தேகம். படம் பார்த்துத்தான் கெட்டுப்போவான் என்றால் எங்கள் ஊரில் படமே தேவையில்லையே? தமிழ்நாட்டில் குடிக்கச் சட்டப்படி வயது 21, புதுச்சேரியில் 18. சனிக்கிழமை சாயங்காலம் கடலூர் பஸ் வந்து நின்றால் இறங்குகிற கூட்டத்தைப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பதினெட்டு நேற்றுத்தான் ஆகியிருக்கும். படத்தில் நாலு பேர் குடித்துவிட்டு 1986க்குப் போகிறார்கள், இவர்கள் குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸைக் கோட்டை விடுகிறார்கள். எது ஆபத்து?


காலாப்பட்டு ஹாஸ்டல்

அண்ணே, அங்கிள், டீச்சர், எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 19 வயது. இந்த இழையில் பையன்கள் பக்கத்தில் நிற்கக்கூடியவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

நான் இந்தப் படத்தைப் பதினைந்து வயதில் பார்த்தேன். கெட்டுப்போனேனா என்று தெரியாது, ஆனால் செம போர். ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது. அந்தப் படத்தின் பாதி ஜோக் 1986 அமெரிக்காவைப் பற்றியது. ஊரில் வம்புக்கு வருகிற கும்பல் இவர்களை ரஷ்ய உளவாளிகள் என்று சந்தேகப்படும். கேசட், கலர் கலரான பனிச்சறுக்கு உடுப்பு, அந்தக் காலத்துப் பாட்டு, எல்லாம் அங்கே அந்த வயதில் இருந்தவனுக்குத்தான் சிரிப்பு. தொட்டி கோளாறாவது ரஷ்யாவிலிருந்து வந்த எனர்ஜி டிரிங்க் கொட்டியதால். அதன் பெயர் செர்னோப்லி. 1986ல் செர்னோபில் அணு உலையில் என்ன நடந்தது என்று தெரியாதவனுக்கு அது வெறும் டப்பா. எனக்கு அன்றைக்கு டப்பாதான்.

படத்தில் ஜேக்கப் என்று ஒரு பையன் வருவான், மற்ற மூன்று பேரைவிட ரொம்பச் சின்னவன், 1986ல் பிறக்கவே இல்லை. மற்றவர்கள் “ஆகா, இந்த ஊர், இந்தப் பாட்டு” என்று உருகும்போது அவன் மட்டும் முழித்துக்கொண்டு நிற்பான். நான் அவனாகத்தான் படம் பார்த்தேன்.

ஆக நம் ஊர்ப் பையனுக்கு அந்த 1986 சமாசாரம் மொத்தமும் வெளியே போய்விடும். வசன வேகத்துக்கு சப்டைட்டில் படிக்கவே நேரம் போதாது, பேச்சு ஜோக்கும் போய்விடும். அப்புறம் மிச்சம் என்ன இருக்கும்? வாந்தி, உடம்பு, கெட்ட வார்த்தை. பெரியவர்களுக்கு அது ஊறுகாய். எங்களுக்கு இலையில் அது மட்டும்தான் வைப்பார்கள். பெரியவர்கள் “ஏ ஜோக் கொஞ்சம் இருக்கும், ஆனால் உள்ளே ஒரு மனசு இருக்கிற படம்” என்று எழுதுகிற விமர்சனத்தைப் படித்துவிட்டுப் பையனுக்கு அனுமதி கொடுத்தால், பையன் பார்ப்பது வேறு படம்.

அங்கிள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பையன் கதைக்காகக் கேட்டிருக்க மாட்டான். ஏதாவது துண்டு வீடியோ பார்த்திருப்பான்.


நெல்லிக்குப்பம் அம்மா

இத்தனை பேர் எழுதியதில் ஒருவர்கூடப் பெண் பிள்ளை இதைப் பார்க்கலாமா என்று கேட்கவில்லை. எனக்கு இரண்டும் பெண்கள். பெரியவளுக்குப் பதினைந்து முடிந்து பத்து மாதம்.

டீச்சர் சொன்ன வழியிலேயே ஒரு காட்சியை நானும் சொல்கிறேன். நிக் என்பவனின் மனைவி அவனுக்குத் துரோகம் செய்திருக்கிறாள். 1986க்குப் போனதும் குடித்துவிட்டு அவளுக்குப் போன் போடுகிறான். அந்த வருடத்தில் அவளுக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதுக் குழந்தையிடம் வாய்க்கு வந்தபடி கத்துகிறான், குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. டைம் மெஷின் கதையில் இது நல்ல யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன், நானே முதலில் சிரித்துவிட்டேன். எதிர்காலத்தில் செய்யப்போகும் தப்புக்கு இன்றைக்குத் திட்டு வாங்குகிற குழந்தை! ஆனால் படம் முடியும்போது நிக் தன் காலத்துக்குத் திரும்பி வந்தால், மனைவி அடங்கி ஒடுங்கி உத்தமியாக இருக்கிறாள். அந்தப் போன்தான் அவளைத் திருத்தியது என்கிற மாதிரி. அவள் தரப்பில் ஒரு வார்த்தை கிடையாது. படத்தில் வருகிற மற்ற பெண்களும் யாராவது ஒருவனின் பழைய காதலி, அல்லது அவனுக்குக் கிடைக்கப்போகிற பரிசு. ஒரே ஒரு பத்திரிகைக்காரப் பெண் கொஞ்சம் மனுஷியாக வருவாள், அவளும் கடைசியில் பரிசுதான்.

இதற்கு எந்த நாட்டிலும் ஒரு எழுத்து கிடையாது. ஓடிடியில் ‘கெட்ட வார்த்தை, போதை, பாலியல்’ என்று மூலையில் போடுகிறார்கள். ‘பெண்கள் பொம்மைகளாக வருவார்கள்’ என்று எங்கேயாவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அதைப் போட ஆரம்பித்தால் நம் ஊர்ப் படத்தில் பாதிக்கு மூலை போதாது.


டாக்கீஸ் மாமா

அம்மா சொன்னதும் எனக்கு ‘பேக் டு தி ஃபியூச்சர்’ ஞாபகம் வந்தது. 1985. டைம் மெஷின் என்றாலே எல்லோரும் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லும் படம். அமெரிக்காவில் பிஜி, அதாவது பெற்றோர் பார்த்துச் சொன்னால் போதும் என்கிற படி. ஆருக்கும் பிஜிக்கும் நடுவில் பிஜி-13 என்று ஒரு படி 1984லேயே வந்துவிட்டது, அப்படியும் இதற்குப் பிஜிதான் கொடுத்தார்கள்.

அதில் என்ன நடக்கிறது? பையன் 1955க்குப் போகிறான், அவனுடைய அம்மா, அப்போது பள்ளிக்கூடப் பெண், அவன்மேலேயே ஆசைப்படுகிறாள். நம் வீட்டுப் பாட்டிகளிடம் கதையை இப்படிச் சொல்லிப் பாருங்கள், டிவியை உடைத்துவிடுவார்கள். அது மட்டுமா, கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு முரடன் அந்தப் பெண்ணிடம் பலவந்தமாக நடக்கப் பார்க்கிறான். ஒரு கெட்ட வார்த்தைக்கு இருக்கிற கிராக்கி அந்தக் காட்சிக்கு இல்லை, பிஜியில் போய்விட்டது. ஆனால் அங்கே யாரும் சிரிக்கச் சொல்லவில்லை. கோழையாக இருந்த அப்பா முதல் தடவையாகக் கையை ஓங்குவது அந்த இடத்தில்தான். அந்த அப்பாவாக நடித்த கிறிஸ்பின் குளோவர்தான் இந்தத் தொட்டிப் படத்தில் ஒற்றைக் கை விடுதிப் பணியாளராக வருகிறார். 1986ல் அவருக்கு இரண்டு கையும் இருக்கும், எப்போது போகப்போகிறது என்று படம் முழுக்கக் காத்திருக்க வைப்பார்கள். அந்த ஒரு ஜோக் மட்டும் எனக்குப் பிடிக்கும், சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கம் வந்தால் 2015ல் ‘இன்று நேற்று நாளை’, எந்த வயதுக்கும் கூட்டிப் போகலாம். 2023ல் ‘மார்க் ஆண்டனி’, காலத்தைத் தாண்டிப் பேசுகிற போன். அதில் சில்க் ஸ்மிதா மாதிரி ஒருவரைக் கொண்டுவந்த பகுதிக்குத் தியேட்டர் என்ன ஆட்டம் ஆடியது! குடும்பம் குடும்பமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காட்சியில் எழுந்து போன ஒருவரை நான் பார்க்கவில்லை. மஞ்சக்குப்பத்தார் பையன் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான்.


புலியூர் டீச்சர்

நியாயமான கேள்விதான் மாமா. அதற்குப் பதில், இதையும் பார் என்பதல்லவே. ஏ சான்றிதழ் படத்தை டிவியில் போட முடியாது, வெட்டி யு/ஏ வாங்கித்தான் போடுவார்கள். வெட்டுவது எதை? வார்த்தையை மௌனமாக்குவார்கள், உடம்பை மங்கலாக்குவார்கள். டபுள் மீனிங் அப்படியே இருக்கும், ஏனென்றால் அதில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கேலிக்கு ஆளாகிற பெண்ணும் அப்படியே இருப்பாள். குடும்பத்தோடு பார்ப்பதால் அது சுத்தமாகிவிடவில்லை, நமக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். அப்பா சிரிப்பதைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொள்வதை எந்த அமெரிக்கப் படமும் கற்றுக்கொடுக்க முடியாது.


முத்தியால்பேட்டை டு பாரிஸ்

டீச்சர் சொல்வதைக் கேட்டு என் கருத்தில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். உடம்பைப் பற்றிச் சொன்னது நிற்கிறது. இங்கே பள்ளிக்கூடத்திலேயே பாலியல் கல்வி உண்டு, விருப்பம், மறுப்பு என்றெல்லாம் பாடமாகப் பேசுவார்கள். அப்படிப் பேசிப் பழகிய பிள்ளை அந்தப் பந்தயக் காட்சியைப் பார்த்து முகம் சுளிக்கும். பேசாத வீட்டில் அந்தப் படமே பாடமாகிவிடும். பாரிஸ் ரேட்டிங்கை மட்டும் கப்பலேற்றி மஞ்சக்குப்பத்துக்கு அனுப்பினால் வேலைக்கு ஆகாது.


லாஸ்பேட்டை லோகு

வெளிநாட்டுச் சரக்கு வேண்டாம் என்று முதல் பதிவிலேயே சொன்னவன் யார்?


மஞ்சக்குப்பத்தார்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பையன்கள் மாடிக்குப் போனபிறகு நானும் மனைவியும் ஹாலில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தோம். சவுண்டை எவ்வளவு குறைத்து வைத்திருந்தோம் என்றால், சப்டைட்டிலில் ‘அலறுகிறான்’ என்று வந்தபோதுதான் அலறுவது தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் திருட்டுத்தனமாகப் பார்த்த முதல் படம் இதுதான்.

நான் 1986ல் பள்ளிப் பையன். காலாப்பட்டுத் தம்பி சொன்னது சரி, அந்த ஏக்கம் எனக்கே அரைகுறையாகத்தான் ஒட்டியது. நமக்கு அந்த வருடம் என்றால் ரேடியோவும் தேவனாம்பட்டினம் கடற்கரையும்தானே, பனிச்சறுக்கா? ஆனால் ஒரு இடம் உறைத்தது. மூன்று பேரும் இளமைக்குத் திரும்பியும், தாங்கள் அன்றைக்கு எவ்வளவு மோசமாக நடந்துகொண்டோம் என்பதைப் பார்க்கிறார்கள். காதலியை ஒருவன் எப்படிக் கழற்றிவிட்டான், இன்னொருவன் அடிவாங்கும்போது மற்ற இரண்டு பேர் எங்கே இருந்தார்கள் என்று. நடுவயதுக்காரனுக்கு அது வலிக்கும். பதினேழு வயதுக்காரனுக்குத் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது? அவன் இன்னும் செய்யவே ஆரம்பிக்கவில்லை.

முடிவும் பிடிக்கவில்லை. லூ பழைய காலத்திலேயே தங்கி, வரப்போவது தெரிந்ததால் கோடீஸ்வரனாகிவிடுகிறான். மற்றவர்கள் திரும்பி வந்தால் எல்லோருக்கும் வாழ்க்கை ஜோராக இருக்கிறது. யாரும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை, பதில் தெரிந்து எழுதிய பரீட்சை மாதிரி. இதை மனைவியிடம் சொன்னால் “காமெடிப் படத்துக்கு இவ்வளவு யோசித்தால் தூக்கம் வராது, விளக்கை அணையுங்கள்” என்றாள். போன் காட்சிக்கு அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். நெல்லிக்குப்பம் அம்மா எழுதியதை அப்புறம் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

காலையில் பையன்களிடம் பேசியாயிற்று. சின்னவனுக்கு இப்போது கிடையாது. காரணத்தையும் சொன்னேன், பந்தயக் காட்சியைப் பெயர் சொல்லியே சொன்னேன். காது சிவந்துபோய்த் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா மகன் விஷயம் அக்காவின் பொறுப்பு, போன் போட்டுச் சொல்லிவிட்டேன், அவள் சிரித்துவிட்டு “நீ நம்ம வீட்டு விசிஆரில் என்ன பார்த்தேன்னு எனக்குத் தெரியும்” என்றாள். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

பெரியவனுக்கு ரிசல்ட் வந்து ஒரு வாரம் போகட்டும், பார்த்துக்கொள் என்றேன். என்னோடு பார்க்கிறாயா, தனியாகப் பார்க்கிறாயா என்று கேட்டேன். “உங்களோடயா?” என்று அலறினான். சப்டைட்டில் தேவைப்படவில்லை.


காலாப்பட்டு ஹாஸ்டல்

அங்கிள், தனியாகப் பார்க்க விடுங்கள். அப்பாவோடு உட்கார்ந்து அந்தத் தொட்டிக் காட்சியைப் பார்ப்பது எந்த ரேட்டிங்கிலும் வராத கொடுமை. முடிந்தபிறகு சும்மா சாப்பிடும்போது “அந்தப் போன் காட்சி எப்படி?” என்று மட்டும் கேளுங்கள். பதில் சொன்னால் சொல்வான்.

டீச்சர் சொன்ன முதல் காட்சிக்கு மட்டும் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். என் ரூம்மேட் ஒருவன் அந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டான். ஏன் என்று எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது.


புலியூர் டீச்சர்

தம்பி சொன்னபடியே செய்யுங்கள். கூட உட்காரச் சொன்னவள் நான்தான், ஆனால் அவன் வேண்டாம் என்றால் பக்கத்து அறையில் இருந்தால் போதும். ரிசல்ட்டுக்குப் பிறகு என்று தள்ளி வைத்தது நல்லதாயிற்று.


டாக்கீஸ் மாமா

சின்னவனுக்கு அந்த 1985 படத்தைப் போட்டுக் காட்டுங்கள். அம்மா ஆசைப்படுகிற இடத்தில் எல்லோரும் இருமத் தயாராக இருங்கள்.


நெல்லிக்குப்பம் அம்மா

இதோடு ஒரு கேள்வி. இந்த வாரம் வந்திருக்கும் ஒரு தமிழ்ப் படத்துக்கு யு/ஏ 16 போட்டிருக்கிறார்கள். என் பெரியவளுக்கு 16 ஆக இன்னும் இரண்டு மாதம். தோழிகள் எல்லோரும் சனிக்கிழமை போகிறார்கள். டபுள் மீனிங் இருக்கிறதாம். யாராவது பார்த்தீர்களா?


லாஸ்பேட்டை லோகு

மேடம், புது இழை தொடங்குங்கள். முதல் பதிலை நான் போடுகிறேன்.